தோல் கம்பெனி அதிகாரி

கனடாவில் விலங்குத்தோல் வாங்கி விற்ற பழைய வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆவணங்களை, துபாயின் தேரா பகுதியில் இருந்த ஓர் அலுவலகம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தது. பழைய கடிதங்களைப் படித்துப் பதிவுசெய்யும் அருணாவின் மேஜைக்கு மேனேஜர் விஜயபாஸ்கர் வந்தார்.

"வேலை ஏன் நிக்குது?"

"மனசு கேக்கல சார். அம்மா செத்துட்டாங்க, ஊருக்குப் போகணும்னு ஒருத்தர் கெஞ்சியிருக்கார். கான்ட்ராக்ட் முடியலன்னு அதிகாரி விடல."

மேனேஜருக்குக் கோபம் வந்தது. "பெத்தவ முகத்தைப் பார்க்க விடாதவன் மனுஷனா? அந்தக் காலத்து வெள்ளைக்காரன் புத்தியே அதுதான். அவன் பேரென்ன?"

"விஜயபாஸ்கர்."

அவர் முறைத்தார்.

அருணா எழுந்து நின்றாள். "நான் சொன்னது நம்ம டிரைவர் வைரவனை. காலையில நீங்கதான் லீவ் இல்லைன்னீங்க. கீழே வண்டியில உக்காந்து அழுதுட்டிருக்கார். அவர் பாஸ்போர்ட்டைக் குடுங்க சார்."

விஜயபாஸ்கர் பாஸ்போர்ட்டுகளைப் பூட்டிவைத்திருந்த அலமாரியின் சாவியை அவள் மேஜைமேல் வீசினார்.