உதடு வரை கருகியது

மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அன்று, எஸ்தர் தன் அக்காவின் கணவர் தேவசகாயத்தோடு போயிருந்தாள். அக்கா வயிற்றுப் புண்ணில் இறந்து பல வருஷமாகிவிட்டது. அதனால்தான் எஸ்தர் இரைப்பைகள் மிதக்கும் பழைய ஜாடிகளின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது புண்ணால விழுந்த ஓட்டை. சின்னதா, வட்டமா இருக்கு பாருங்க," என்று விளக்கினாள் ஒரு மாணவி. "பக்கத்துல இருக்கறது ஆசிட் உள்ள போனது. தொண்டையிலேருந்தே கருகியிருக்கு. உதடுகூட வெந்துபோயிருக்கும்."

சவப்பெட்டியில் அக்காவின் முகம் மூக்குக்குக் கீழே துணியால் மூடப்பட்டிருந்தது எஸ்தருக்கு நினைவு வந்தது. துணியை விலக்கப் போன அம்மாவின் கையை அத்தான்தான் பிடித்துக்கொண்டார். தொத்து நோய், தொடாதீங்க என்றார்.

எஸ்தர் திரும்பினாள். தேவசகாயம் மாணவியிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாரோடதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்கய்யா. ரொம்பப் பழசு."

அவர் முகம் தெளிந்தது. "வா எஸ்தர், போவோம்."

எஸ்தர் நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே மாணவியிடம் கேட்டாள்:

"ஏம்மா, வயித்துப் புண்ணு தொத்துமா?"