மாப்பிள்ளை வீட்டு ஈரச் சுவர்

ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததுமே குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹால் சுவர் முழுக்க ஈரம்.

“புது அபார்ட்மென்ட்டுன்னு சொன்னீங்களே!”

“புதுசுதாங்க. போன வருஷம்தான் குடிவந்தோம். இதையும் பாருங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா வளர்மதி பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வடிகால் ஓட்டைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் ஓடி வந்தது. பெட்ரூமில் கால் வைத்த இடமெல்லாம் டைல்ஸ் ஆடியது.

வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த கணவர் தனசேகரைக் குணவதிதான் இழுத்து வந்திருந்தாள். அவரோ தலைநிமிராமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“வாயைத் திறங்களேன்! நம்ம பொண்ணு இங்கதான் வந்து வாழணுமா? இதைக் கட்டினவன் மனுஷனா? தன் பொண்டாட்டி பிள்ளைய இங்க குடிவைப்பானா அவன்?” என்று பொரிந்தவள், வளர்மதியிடம் திரும்பினாள். “நீங்களும் அவனைச் சும்மாவா விட்டீங்க?”

“நடையா நடந்து பாத்துட்டோங்க. ஆபீஸ்ல உள்ளயே விடமாட்டேங்கறாங்க. போனையும் எடுக்கறதில்ல.”

“யாரு அவன்? பேரைச் சொல்லுங்க!”

“குணவதி ஹோம்ஸ். உங்க பேர்லதானே உங்க வீட்டுக்காரர் கம்பெனி நடத்தறார்?”

தனசேகர் இன்னும் காபியை ஆற்றிக்கொண்டுதான் இருந்தார்.

குணவதி கணவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப... இந்தச் சம்பந்தம்?”

“உங்க பொண்ணைக் கேட்டாலாவது வீட்டை நேர்ல வந்து பார்ப்பார்னு எங்க பையன்தான் சொன்னான். வாங்க, இன்னும் மொட்டைமாடியைப் பார்க்கலையே!”