பால் டின்னுக்குக் கோவணம்

"முதலாளி, ஒரு யோசனை!"

"வேணாம்யா சாமி! நான் கேட்டேனா?"

சைக்கிள் கடை அங்கமுத்து வாசலில் தலையைக் காட்டினாலே மளிகைக்கடைப் பெரியதம்பி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிடுவார். சிம்பாங் அம்பாட்டில் அந்த ஆளிடம் யோசனை வாங்காமல் தப்பித்த கடைக்காரர் கிடையாது.

முடிவெட்டும் கடைக்குப் போய், "கண்ணாடியைச் சுவத்துல மாட்டாதே, கூரையில மாட்டு. சவரத்துக்கு உட்கார்ந்தவன் அண்ணாந்துதானே கிடக்கான்?" என்றார். பஸ் கம்பெனிக்குப் போய், "உம்பாய்லேருந்து வர்ற மீன் லோரியை முன்னால விட்டு, பின்னாலயே பஸ்ஸை விடுங்க. ஹாரனே வேணாம். வாடைக்கே ஜனம் ஒதுங்கிடும்" என்றார்.

எவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. மனிதர் சளைத்ததும் இல்லை.

"முதலாளி, பால் டின்னு எப்படிப் போவுது?"

"எங்க போவுது? அடுக்கி வெச்ச இடத்துலயே குந்தியிருக்கு."

வெள்ளைக்கார சர்க்கார் போட்ட எமர்ஜென்சி நேரம். காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுபவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு. பதுக்க முடியாமல் கெட்டுப்போகட்டுமென்று, எந்த டின்னானாலும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். எஸ்டேட் ஜனங்கள் சைக்கிளில் வீடு போய்ச் சேர்வதற்குள் டின்னிலிருக்கும் கெட்டிப் பாலில் பாதி பையில் வழிந்துவிடும். மீதி எறும்புக்கு. வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

அங்கமுத்து ஒரு டின்னை எடுத்தார். ஆணியால் மேலே ஓட்டை போட்டார். மடியிலிருந்து பழைய சைக்கிள் டியூப்பில் நறுக்கிய பட்டையை உருவி, ஓட்டைமேல் வைத்து, அடிவழியாகச் சுற்றி இழுத்து இறுக்கி முடிந்தார். டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார்.

சொட்டு விழவில்லை.

"என்னய்யா இது, டின்னுக்குக் கோவணம் கட்டியிருக்கே!"

"மானத்தைக் காப்பாத்துதா இல்லையா?"

"போலீஸ் பார்த்தா?"

"அவுத்துப் பார்க்கட்டும்லா! ஓட்டை எங்கயும் ஓடிப் போகலையே!"

"போய்யா, உன் வேலையைப் பாரு!"

அங்கமுத்து தெருமுனை திரும்பும்வரை பெரியதம்பி அவர் முதுகையே பார்த்திருந்தார். திரும்பியதும் கத்தரிக்கோலைத் தேடினார்.

அடுத்த வாரமே பால் டின் பறந்தது.

"யார் மூளை முதலாளி இது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரியதம்பி நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டினார். "வேற யாரு? வியாபாரம்னா சும்மாவா? மண்டை வேணும்லா, மண்டை!"

ஒருமுறை அவர் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அங்கமுத்தே நின்றிருந்தார். "ஆமாமா, நல்ல மண்டை" என்றார். வெற்றிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது.

வெள்ளைக்காரப் போலீஸ் துரை இறங்கினார். கையில் கோவணம் கட்டிய டின். கூட, பேச்சை மாற்றிச் சொல்ல சார்ஜன் ஜெயமணி.

"ரோட்டுச் சோதனையில எல்லார் பையிலயும் இதுதான் இருக்கு. யார் யோசனைன்னு துரை கேக்கிறார்."

ஜீப்பில் ஏறினவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். பெரியதம்பி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயா, நான் இல்லீங்க! எனக்கு மண்டையே கிடையாதுங்க! சைக்கிள் கடை அங்கமுத்துதான்! வேணாம் வேணாம்னு விரட்டினேன், கேக்கலீங்க!"

அங்கமுத்துவைக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் கிரீஸ். டின்னைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பெரியதம்பியின் முகத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"என்னுதுதான் சார்ஜன். வேற ஒருத்தருக்கும் இதுல சம்பந்தமில்ல. இந்த முதலாளி பாவம், சொந்தமா யோசிக்கிற ஆளே இல்ல. எங்க வேணா சத்தியம் பண்றேன்."

தன்னை ஒருவர் மட்டம் தட்டிப் பேசியதற்குப் பெரியதம்பி மகிழ்ந்துபோய்த் தலையாட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

சார்ஜன் இங்கிலீஷில் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

"துரைக்குப் பால் டீ இல்லாம ஆவாதாம். ஜீப் குலுங்கற குலுக்கல்ல ரோட்டு மேப்பெல்லாம் பால் ஆயிடுதாம். கேம்புக்கு மொத்தமா இந்த மாதிரி கட்டி வேணுமாம். யோசனை சொன்ன ஆளுக்கு மாசாமாசம் பால் டின்னு இனாம். ஆனா சட்டம் சட்டம்தான், ஓட்டை போட்டுத்தான் தருவார்."

பெரியதம்பி தொண்டையைச் செருமினார். "சார்ஜன்... கத்தரிச்சு முடிஞ்சதெல்லாம் நான்தாங்க..."

சார்ஜன் திரும்பியே பார்க்கவில்லை. பென்சிலை எடுத்தார். "பேர் சொல்லுங்க."

"குஞ்சம்மா."

"யோவ், உம்ம பேரைச் சொல்லும்!"

"யோசனைக்காரி பேரைத்தானே எழுதணும்? பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுற பொண்ணு. கிழிஞ்ச டியூப்பு குடுங்கண்ணேன்னு வந்துச்சு. எதுக்குன்னு கேட்டேன், கட்டிக் காட்டுச்சு. என் சொந்த யோசனையை இந்த ஊர்ல எவன் எடுத்திருக்கான், சொல்லுங்க?"

சார்ஜன் சிரித்துக்கொண்டே எழுதினார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

பெரியதம்பி பாய்ந்து வந்து அங்கமுத்துவின் கையைப் பிடித்தார். "ஏன்யா, அப்ப மொதல்ல எதுக்கு உன்னுதுன்னு சொன்னே?"

"துரை இனாம் குடுக்க வந்திருக்காருன்னு அப்ப யாருக்குத் தெரியும் முதலாளி? பிள்ளைக்காரியை ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டா, எஸ்டேட்டு லயத்துல அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு பால் கரைச்சுக் குடுக்கிறது?"