குசினிப் பக்கம்

"முன்வாசல்ல பூட்டப்படாது!"

நஜாத்தின் உம்மா றுக்கியா போட்ட சத்தத்தில் சரீபின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி மணலில் விழுந்தது.

சரீப், நஜாத்தின் கூட்டாளி. சக்கர நாற்காலி ஏறி இறங்குவதற்கான அலுமினிய றேம்ப் ஒன்றைத் துண்டு துண்டாக லொறியில் ஏற்றிக் காலையிலேயே கனமூலையிலுள்ள அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மூன்றடி நீளத்தில் நான்கு துண்டுகள். வரிசையாக வைத்து நட்டைப் பூட்டினால் வேலை முடிந்தது.

"என்ன உம்மா கதைக்கிறீங்க? றஹ்மாவுக்குத்தானே இது" என்றான் நஜாத்.

அவன் மனைவி றஹ்மா, ஓட்டோ பிரண்டு இரண்டு காலும் விளங்காமல் போய் எட்டு மாதம். வீட்டுக்கு இரண்டே படி. ஆனால் அதைத் தாண்ட யாராவது தூக்க வேண்டும். அவளுக்கு அது வெட்கம். எங்கே கூப்பிட்டாலும் 'வேணாம்' என்று சொல்லிப் பழகிவிட்டாள்.

"அவளுக்குத்தான். குசினிப் பக்கம் பூட்டுங்க."

சரீப் பின்னால் அடுப்படிப் பக்கம் போய் அளந்துவிட்டு வந்தான்.

"மாமி, படியிலேருந்து மதில் வரைக்கும் பத்தடிதான் இரிக்கி. இது பன்னெண்டடி. ஒரு துண்டக் கொறச்சா சரிவு கூடிரும். நாற்காலி பிரளும்."

"சொன்ன எடத்துல பூட்டு."

நஜாத்துக்குப் பொறுக்கவில்லை.

"மருமகள் வீல்செயார்ல போறத ரோட்டுச் சனம் பார்த்திரும் எண்டு வெக்கமா உம்மா? கலியாணத்துல வந்த சண்டைக்கு, பெத்த உம்மாவையே அவள்ட கிட்ட வர விடல்ல நீங்க. இப்ப நாலு சனத்தையும் பாக்கப்படாதா அவள்?"

றுக்கியா பின்பக்கம் நடந்தாள்.

உள்ளேயிருந்து றஹ்மாதான் கூப்பிட்டாள். "விடுங்க. மாமி சொல்ற எடத்துலயே பூட்டுங்க. கொஞ்சம் வெயில் பட்டாலே எனக்குக் காணும்."

அந்தக் குரலைக் கேட்டபின் நஜாத் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணல் இறங்காமலிருக்க அடியில் பலகை போட்டார்கள். கால்களை உயரம் பார்த்து நிறுத்தினார்கள். மூன்று துண்டு ஏறியது. நான்காவதன் நுனி மதிலில் முட்டி நின்றது.

"பார்த்தீங்களா? இனி என்ன செய்ற?" நஜாத் எரிச்சலோடு திரும்பினான்.

றுக்கியா கனத்த இரும்பு அலவாங்கோடு நின்றாள். அதை மகனின் கையில் திணித்தாள்.

"ஒடை."

"எத?"

"மதிலத்தான். அந்தச் சண்டையில நான் நிண்டு கட்டின மதில்தானே. நாலடி அகலத்துக்கு ஒடை. ரோட்டுக்கும் அந்தப் பக்கத்தால போகலாம்."

நஜாத் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓங்கி இடித்தான்.

கல் ஒவ்வொன்றாகச் சரிந்தது. புழுதி அடங்கியதும் நான்காவது துண்டை இடைவெளிக்குள்ளால் விட்டு சரீப் கடைசி நட்டை இறுக்கினான். தானே மேலேறி இரண்டு தரம் மிதித்தும் பார்த்தான். அசையவில்லை.

"வாங்க தங்கச்சி."

குசினி வாசலில் றஹ்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே சிரித்தாள். தள்ளவந்த நஜாத்தின் கையை விலக்கிவிட்டு, தானே சக்கரத்தைப் பிடித்தாள்.

மதிலுக்கு அங்காலே ஒரு பொம்பளையின் குரல் பதறியது.

"ஆரது மதில ஒடைக்கிற?"

றுக்கியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இடைவெளியில் போய் நின்றாள்.

"நான்தான், றுக்கியா. கதவத் தொறங்க சம்மந்தி, ஒங்கட மகள் வாறா."