அரை மணி நேரம், விளையாட்டு கிடையாது

'உங்கள் கம்ப்யூட்டரில் தினமும் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள்?'

'அரை மணி' என்று தட்டினாள் அலர்மேல்மங்கை என்கிற அலமு.

'அதில் விளையாட்டுக்கு எவ்வளவு நேரம்?'

'கிடையவே கிடையாது.'

பொய்யில்லை. கான்வென்ட்டில் படித்தவள், பொய் சொன்னால் பாவம் என்று கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்டது அவள் கம்ப்யூட்டரைப் பற்றி. அவளுடைய லேப்டாப்பில் சமையல் குறிப்பும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் வீடியோ காலும் தவிர வேறெதுவும் நடந்ததில்லை. சாப்பாடானதும் மூன்று மணி நேரம் சீட்டாடுவதெல்லாம் ஹாலில் இருக்கும் கணவர் கோவிந்தராஜனின் பழைய கம்ப்யூட்டரில். அதுவும் அவர் உள்ளே தூங்கும் நேரத்தில். அதைப் பற்றி யார் கேட்டார்கள்?

சர்வே நடத்தியவள் ஐந்தாவது மாடி கிருத்திகா. ஐ.டி. கம்பெனியில் ஏதோ ஆராய்ச்சி வேலை.

"விருப்பப்பட்டவங்க பதில் சொன்னாப் போதும் ஆன்ட்டி. சரின்னு சொல்றவங்க மெஷின்ல, நேரத்தை அளக்கிற புரோகிராம் ஒண்ணு ஒரு வாரம் போட்டு வைப்போம். சொன்னதும் செஞ்சதும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்."

"தாராளமா போடும்மா. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்!"

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அந்த அபார்ட்மெண்ட் முழுக்க அலமுவின் பெயர் அப்படி. 'திரையைக் குறை, தியானத்தைக் கூட்டு' என்று தினம் காலையில் வாட்ஸ்அப் குழுவில் உபதேசம் அனுப்புகிறவள் அவள்தான். லேப்டாப்பே கதியென்று சீரியல் பார்க்கும் பக்கத்து வீட்டு சாந்தகுமாரியை அதே குழுவில் கிண்டலடித்ததில், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது தனிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் கிருத்திகா முடிவைச் சொன்னாள்.

"பாதிப் பேர் பதிலே போடலை. போட்டவங்கள்ல முக்காவாசிப் பேர் அரை மணி, முக்கால் மணின்னு எழுதியிருந்தீங்க. மெஷின் நாலு, அஞ்சுன்னு சொல்லுது. எழுதினதும் அளந்ததும் ஒத்துப்போனது ரெண்டே பேருக்குத்தான். பேர் சொல்லமாட்டேன். ஒருத்தர் அரை மணி, விளையாட்டே கிடையாது..."

"அது நான்தான்!" என்றாள் அலமு. கிருத்திகா சொல்லாவிட்டால் என்ன, நமக்கு வாய் எதற்கு இருக்கிறது?

ஒரே கைதட்டல். "வாங்க மேடம், எங்களுக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று செக்ரெட்டரி மைக்கை நீட்டினார்.

கிருத்திகா தொடர்ந்தாள். "இன்னொருத்தர், மத்தியானம் மூணு மணி நேரம் சீட்டாட்டம்னு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காங்க. மெஷினும் அதையேதான் சொல்லுது."

மைக் கைக்கு வந்துவிட்டால் அலமுவின் நாக்குக்கு பிரேக் கிடையாது.

"மூணு மணி நேரமா? அந்தாத்துல அடுப்புன்னு ஒண்ணு எரியறதா, இல்லை சாதமும் ஆன்லைன்லதான் வெந்துண்டிருக்கா? கட்டிண்ட புருஷன் என்ன பாவம் பண்ணினானோ!"

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மத்தியானம், மூன்று மணி நேரம், சீட்டு. எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு உறைக்கவில்லை. தப்பு அடுத்தவர் வீட்டில் இருந்தால் அவளுக்கு அவ்வளவு உற்சாகம்.

சாந்தகுமாரி எழுந்தாள். "தப்பா நினைக்காதீங்க அக்கா. மத்தியானம் ஆனா உங்க ஹால்ல இருந்துதான் சீட்டு கலைக்கிற சத்தம் சரக் சரக்னு எங்க வீட்டுக்குக் கேக்குது. ஜெயிச்சா மணி வேற அடிக்குது."

சிரிப்பு நின்றது. எல்லார் பார்வையும் அலமு மேல். இன்னும் ஒரு நிமிஷம், மானம் கப்பலேறிவிடும்.

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"அது நான்தாம்மா" என்றார் கோவிந்தராஜன். "ரிட்டையர் ஆன ஆசாமி. வேற என்ன பண்றது, சொல்லு?"

"சார், மேடம்கிட்டயே டியூஷன் வெச்சுக்கோங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். கிருத்திகா மட்டும் தலையைக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அலமு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். யாரும் பிடுங்காமல் அவள் மைக்கைக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

சர்வேயில் தேறியது இரண்டே பதில். இரண்டும் ஒரே வீட்டுத் தயாரிப்பு. அந்த லட்சணத்தில் இதற்கு ஆராய்ச்சி என்று பேர்!

லிஃப்டில் அவள் குரல் தழைந்திருந்தது. "ஏன்னா, அப்போ நீங்க மத்தியானம் தூங்கறதே இல்லையா?"

"அந்த சரக் சரக்ல எங்கே தூங்கறது?"

"உங்க மெஷின்லயும் புரோகிராம் போட்டதை எங்கிட்ட சொல்லலையே?"

"அந்தப் பொண்ணு வந்து கேட்டா, சரின்னேன். அதுல என்ன நடக்கறதோ அதை எழுதினேன்."

அலமுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்த மனுஷனைக் கரித்துக் கொட்டியிருக்கிறோமே!

"எனக்காக ஊர் சிரிக்க நின்னேளே! சத்தியமா சொல்றேன், இனிமே அந்தக் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன்."

கோவிந்தராஜன் பதறிப்போனார்.

"ஐயோ அலமு, அப்படிப் பண்ணிடாதே! நாள் பூரா நான் உங்கிட்ட திட்டு வாங்காத நேரமே அந்த மூணு மணிதான்!"