பட்டர் பூசின பாண்

சித்திர வகுப்பின் கிழக்கு யன்னலால் வெயில் சரிந்து, மேசையில் இருக்கும் மண்குடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. "மாகாணப் போட்டிக்கு ஒரு படம்தான் போகும், மணி அடிக்க முன்னம் தாங்கோ" என்று சொல்லிவிட்டு ரீச்சர் வெளியே போயிருக்கிறா. ஜெயனி தன் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வாங்கில் இருக்கும் சாருஜாவின் கையையே பார்க்கிறாள். ஜெயனியிடம் கனடாவிலிருந்து மாமி அனுப்பிய கரிப்பென்சில் பெட்டி இருக்கிறது. சாருஜாவிடம் இருப்பது வீட்டு அடுப்புக்கரி. ஆனால் குடம் அவளுடைய தாளில்தான் உருண்டு நிற்கிறது. "எடியே, கொஞ்சம் பாண் தாவன். வெளிச்சம் விழுற இடத்திலை கரியை ஒத்தி எடுக்கவேணும். றப்பர் போட்டா தாள் கிழிஞ்சிடும்" என்கிறாள் சாருஜா.

ஜெயனி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறாள். விரல் பாணின் காய்ந்த ஓரத்தைத் தொட்டு நிற்கிறது. பிறகு பட்டர் ஊறிய நடுத்துண்டைப் பிய்க்கிறது. எண்ணெய் பட்டால் தாளில் கறை போகாது என்று ரீச்சர் முதல் வகுப்பிலேயே சொன்னவா. "இந்தா." சாருஜா அதைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோய், மணந்து பார்த்துச் சிரிக்கிறாள். "விசரி, அவசரத்திலை பட்டர்ப் பக்கத்தைத் தந்திட்டாய்." தானே எட்டிக் காய்ந்த ஓரத்தைக் கிள்ளி ஒத்துகிறாள். தாளில் இருக்கும் குடத்திலும் வெயில் விழுகிறது. "உந்தப் பட்டர்த் துண்டை நீ சாப்பிடு. காலமையும் சாப்பிடேல்லை எண்டு சொன்னனீ" என்று கரிவிரலாலேயே ஜெயனியின் வாயில் வைக்கிறாள். நாக்கில் பட்டர் கரைகிறது. ஜெயனி பாணை மெல்லாமல், சாருஜாவின் விரலில் இருக்கும் கரியையே பார்க்கிறாள்.