மூச்சை அடக்கிய விசிறி

காயலான் கடையில் கிடந்த ஒரு கணினி விசிறியை, செமஸ்டர் ப்ராஜெக்டுக்குச் சாமான் தேடி வந்த மெஹருன்னிசா பொறுக்கியெடுத்துத் தூசி தட்டினாள். ஹாஸ்டலில் சினிமா போடுவதற்காக, ஒரு பழைய கணினிப் பெட்டிக்குள் ப்ராசசரின் தலைமேல் அதைப் பொருத்தி, லினக்ஸ் ஏற்றி, டிவியோடு இணைத்தாள். ஹாஸ்டல் ஹாலே தியேட்டர் ஆகிவிட்டது.

விசிறிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒரே வருத்தம், அதன் கரகரப்பு. படத்தில் தாயும் மகளும் கிசுகிசுக்கும் காட்சி வந்தது. நம்மைக் கொண்டுவந்தவளுக்கு நாமே இடைஞ்சலாக இருக்கலாமா என்று விசிறி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"ஏய், ஏம்ப்பா நின்னுட்ட? தலை கொதிக்குது!" என்று ப்ராசசர் அலறியது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணே. அவங்க பேசி முடிக்கட்டும்."

படம் அப்படியே நின்றுபோனது. ஹால் முழுக்க "ஐயோ!" என்று ஒரே சத்தம்.

மெஹருன்னிசா ஓடிவந்து பெட்டியைத் திறந்து, விசிறியை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாள். அது கரகரத்தது.

"அப்பாடா, சத்தம் வந்துருச்சு!" என்றாள்.

படத்தை மறுபடி ஓடவிட்டாள். அதன்பிறகு கிசுகிசுக்கும் காட்சி வந்தபோதெல்லாம் பெட்டிப் பக்கம் ஒரு காதைச் சாய்த்துக்கொண்டாள். விசிறியும் வெட்கத்தை விட்டு, வாய் நிறையக் கரகரத்தது.